பதினைந்தாம் கட்டில்

பியூலா சிஸ்டருக்கு இயந்திரங்களைப் பிடிக்காது என்று சொல்லிவிட முடியாது. இயந்திரத்தைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, இனிமேல் உங்களுக்கு வேலையே இருக்காது என்று சொல்லிவிட்டுப் போகிறவர்களைத்தான் அவளுக்குப் பிடிக்காது. திருநெல்வேலிக்கு வெளியே, பைபாஸ் ஓரத்தில் இருந்த அந்தப் பச்சிளங்குழந்தைகள் அறுவைப் பிரிவில் அவளுக்கு இருபத்திரண்டு வருட சர்வீஸ். அதற்குள் ஒன்பது பேர் அப்படி வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். ஒன்பது தடவையும் வேலை கூடியதுதான் மிச்சம்.

ஆனால் துணைமெத்தையை மட்டும் அவள் ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை.

அறுவை தேவைப்படும் குழந்தைகள் பெரிய ஆஸ்பத்திரி பார்த்துப் பிறப்பதில்லை. எங்கோ ஒரு தாலுகா ஆஸ்பத்திரியில் பிறக்கும். பால் கொடுத்தால் மூக்கு வழியே வரும், உடம்பு நீலம் பாரிக்கும். உடனே ஆம்புலன்ஸில் தூக்கிப் போட்டுக்கொண்டு அப்பன்காரன் ஓடி வருவான். அம்மா அங்கேயே, தைத்த வயிறும் கட்டிய மாருமாகக் கிடப்பாள். ஏழெட்டு நாள் குழந்தை குழாய்களுக்கு நடுவே தனியாகக் கிடக்கும். அதற்காகத்தான் இந்த மெத்தை. தாலுகா ஆஸ்பத்திரியில் அம்மாவின் நெஞ்சில் ஒரு பட்டையைக் கட்டிவிடுவார்கள். அவள் இதயம் இந்த நொடி எப்படித் துடிக்கிறதோ, அப்படியே எழுபது கிலோமீட்டர் தள்ளிக் குழந்தையின் முதுகுக்கடியில் மெத்தை மெல்லத் துடிக்கும்.

கொம்பையாவுக்கு இதை விளக்கிச் சொன்னவளும் பியூலாதான். கயத்தாறு பக்கம் மின்சாரக் காற்றாலைகளில் ஏறி ரிப்பேர் பார்க்கிறவன் அவன். மூன்று நாள் வயதுப் பெண்குழந்தையை உள்ளே விட்டுவிட்டு, வெளி பெஞ்சில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இயந்திரம் பழகிய ஆள் என்பதால் கேள்வியும் சரியாகத்தான் கேட்டான்.

"அதை ரெக்கார்ட் பண்ணிப் போட்டா என்ன சிஸ்டர்? பாட்டு போடுத மாதிரி."

"போட்டுப் பாத்தாச்சு. ரெண்டு மணி நேரம் ஏமாறும், பொறவு கண்டுபிடிச்சிரும்" என்றாள் பியூலா. "நீங்க போன்ல பேசுதிய. அந்தப் பக்கம் 'ம்' கொட்ட ஆளில்லைன்னா எவ்வளவு நேரம் பேசுவிய?"

குழந்தைக்கு வலித்தால், பயந்தால், அங்கே அம்மாவின் பட்டை லேசாகச் சூடாகும். அவள் அதைக் கையால் அணைத்துக்கொள்வாள், என்னமோ முணுமுணுப்பாள், அவள் துடிப்பு மாறும். அந்த மாற்றம் மெத்தை வழியாகக் குழந்தைக்கு வந்து சேரும். இரண்டு பக்கமும் ஆள் இருந்தால்தான் அது வேலை செய்யும். ஒன்பது மாதம் கேட்ட துடிப்பைத் தவிர வேறெதற்கும் குழந்தை மசியாது என்று பிரிவின் தலைவி டாக்டர் செண்பகவல்லி கட்டுரையே எழுதியிருந்தார். பெற்ற தாயின் துடிப்பு கிடைக்காவிட்டால் மெத்தையை நிறுத்திவிட்டு மருந்துக்கு மாற வேண்டும் என்ற விதியையும் அவர்தான் எழுதினார்.

அந்த மருந்தைக் கையில் எடுக்கவே பியூலாவுக்குப் பிடிக்காது. குழந்தை அசையாமல் இருப்பதற்காகக் கை காலை எல்லாம் துவள வைத்து, மூச்சை முழுக்க இயந்திரத்திடம் ஒப்படைத்துவிடுகிற மருந்து அது. முன்பு வேறு வழி இல்லாததால் எல்லாக் குழந்தைக்கும் அதைத்தான் கொடுத்தார்கள். பல குழந்தைகள் தேறி வந்தன. நுரையீரல் பலவீனமான குழந்தைகளுக்குச் சளி கட்டிவிடும். போன வருஷம் அப்படி ஒன்று பதினான்காம் நாள் பியூலாவின் கையிலேயே போயிற்று.

கொம்பையாவின் பெண்டாட்டி முத்தரசி பெற்ற இந்தக் குழந்தைக்கு எடை ஒன்றே முக்கால் கிலோ. உணவுக்குழாய் பாதியில் முடிந்து, மிச்சம் மூச்சுக்குழாயோடு ஒட்டிக்கொண்டிருந்தது. பிரித்துச் சேர்த்துத் தைத்துவிட்டார்கள். ஆனால் இரண்டு முனைக்கும் இடைவெளி அதிகம். தையல் இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றது. டாக்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டே சொன்னார்:

"ஏழு நாள் சிஸ்டர். ஏழு நாள் இவ முரண்டு பிடிக்கக்கூடாது. கழுத்தை நிமித்தி ஒரு அழுகை அழுதாலும் தையல் விட்டுரும். மருந்து குடுத்தா இந்த நுரையீரல் தாங்காது. அம்மாக்காரியைத்தான் நம்பியிருக்கேன்."

அம்மாக்காரி நன்றாகத்தான் பார்த்துக்கொண்டாள். நிமிஷத்துக்குத் தொண்ணூற்று நாலு, தொண்ணூற்றாறு என்று துடித்தாள். சிசேரியன் ஆனவள், ரத்தமும் நிறையப் போயிருந்ததால் துடிப்பு கொஞ்சம் வேகம்தான். குழந்தையும் பெரும்பாலும் அடங்கிக் கிடந்தது. பகலில் மூன்று நான்கு தடவை, அரைமணி முக்கால்மணி நேரம், மெத்தையின் துடிப்பு அறுபத்தெட்டுக்கு இறங்கிவிடும்; அப்போதெல்லாம் குழந்தை அப்படி ஒரு அமைதி. அந்த நேரத்தில் முத்தரசிக்கு யாரோ டீ வாங்கிக் கொடுக்கிறார்கள் போலிருக்கிறது என்று பியூலா சக நர்ஸுகளிடம் சொல்லிச் சிரித்தாள்.

அறுவைக்குப் பின் மூன்றாம் நாள் மத்தியானம் துடிப்பு ஏற ஆரம்பித்தது. நூற்றுப் பத்து, நூற்று முப்பது. குழந்தை கால்களை உதைத்தது. பியூலா இரண்டு உள்ளங்கைகளாலும் அதன் தலையையும் பாதங்களையும் அணைத்துப் பிடித்துக்கொண்டாள். மூன்று மணிக்கு மெத்தை நின்றே போயிற்று. திரையில் கோடு மட்டும் ஓடியது.

டாக்டர் வந்து பார்த்துவிட்டு, மருந்தை ஊசியில் ஏற்றி வைத்துக்கொள்ளச் சொன்னார். பியூலா மருந்துப் பெட்டியைத் திறந்தாள். ஊசியை ஏற்றினாள். பன்னிரண்டு நிமிஷம் கழித்து, ஊசியைக் குழாயில் பொருத்தப் போகிற நேரத்தில், மெத்தை துடித்தது. எண்பத்தைந்து, எழுபத்தைந்து, அறுபத்தெட்டு. குழந்தையின் நெற்றிச் சுருக்கம் ஒவ்வொன்றாகப் போயிற்று. டாக்டர் ஊசியைக் குப்பையில் போட்டார்.

மாலை ஆறு மணிக்குக் கொம்பையா கண்ணாடிக் கதவைத் தட்டினான். முகம் வெளிறியிருந்தது. முத்தரசிக்கு ஜுரம் ஏறி நினைவு தப்பிவிட்டதாம். வயிற்றுத் தையலில் சீழ் பிடித்து ரத்தத்தில் கலந்துவிட்டதாம். மூன்று மணிக்கே வேறு ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போய்த் தீவிர சிகிச்சையில் வைத்திருக்கிறார்களாம். இங்கே இருப்பதா, அங்கே போவதா என்று தெரியாமல் நின்றான். புள்ளையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், நீங்கள் அவளிடம் போங்கள் என்று அவனைப் பஸ் ஏற்றிவிட்டாள் பியூலா.

திரும்பி வந்து மெத்தைக்கு முன்னால் நின்றபோதுதான் அவளுக்கு உறைத்தது. முத்தரசி நினைவில்லாமல் வேறு ஊரில் கிடக்கிறாள். அப்படியானால் இந்த அறுபத்தெட்டு யாருடையது?

தாலுகா ஆஸ்பத்திரிப் பிரசவ வார்டுக்குப் போன் போட்டாள். அங்கிருந்த சிஸ்டருக்கே விஷயம் தெரியவில்லை. பட்டை ஆம்புலன்ஸோடு போயிருக்கும் என்றுதான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். போய்ப் பார்த்துவிட்டு வந்து, பதினான்காம் கட்டில் முத்தரசியுடையது, பட்டை பதினைந்தாம் கட்டிலில் இருக்கிறது என்றாள். குரல் தாழ்ந்திருந்தது. பதினைந்தாம் கட்டிலில் செல்லக்கனி என்று ஒருத்தி. கல்யாணமாகிப் பதினோரு வருஷம் கழித்து உண்டானவள். எட்டாம் மாதம் குழந்தை வயிற்றுக்குள்ளேயே அடங்கிவிட்டது, எடுத்துப் புதைத்தாயிற்று. தனியாகப் போடக் கட்டில் இல்லாததால் பிள்ளை பெற்றவர்களுக்கு நடுவிலேயே கிடக்கிறாள். போன் செல்லக்கனியின் கைக்குப் போனது.

"அந்த முத்தரசிப் புள்ள குளிக்கப் போவையில என் கையில குடுத்துட்டுப் போவும் சிஸ்டர்" என்றாள் செல்லக்கனி. "பட்டை நனையப்பிடாதாம்லா. வார்டுல எல்லாரும் அப்படித்தானே, பக்கத்துக் கட்டில்ல புள்ளைய குடுத்துட்டுத்தான் பாத்ரூம் போவாவ. அக்கா, புள்ளைய கொஞ்சம் வச்சுக்கிடுங்கன்னு குடுக்கும். வெறுங்கையில வச்சா சூடு அடங்கலை, அதான் நெஞ்சுல கட்டிக்கிட்டேன். நாளைக்கு நாலு தடவை குளிக்கும், சுத்தக்காரப் புள்ள. இன்னைக்கு ஸ்ட்ரெச்சர்ல தூக்கையிலயும் அரை நெனவுல கழத்தி என் கையில திணிச்சிட்டுப் போச்சு. திரும்பி வந்து வாங்கல. நான் வச்சிருக்கேன்."

இவ்வளவுதான் நடந்தது. நெஞ்சில் கட்டிய கருவியை நோயாளி கழற்றிப் பக்கத்தில் இருப்பவளிடம் கொடுப்பாள் என்று அதைச் செய்தவர்கள் யாரும் யோசிக்கவில்லை. அவர்களுக்கு அது கருவி. முத்தரசிக்கு அது பிள்ளை. பிள்ளையை யாராவது கட்டிலில் போட்டுவிட்டுக் குளிக்கப் போவார்களா?

பியூலா போனை வைத்தாள். விதிப்படி இப்போதே டாக்டரிடம் சொல்ல வேண்டும். சொன்னால் மெத்தையை நிறுத்துவார்கள், ஊசி வரும். சொல்லாமல் இருந்தால், யாரோ ஒருத்தியின் துடிப்பை நம்பித் தையலை விட்டுவைத்த பழி அவள் தலையில் விழும். அன்று இரவு அவள் வீட்டுக்குப் போகவில்லை. குழந்தை பக்கத்திலேயே கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். குழந்தை ஒரு தடவைகூட முகம் சுளிக்கவில்லை.

காலை ரவுண்ட்ஸ் முடிந்ததும் டாக்டரைத் தனியே கூப்பிட்டுச் சொல்லிவிட்டாள். செண்பகவல்லி கோபத்தில் குரலை உயர்த்துகிறவர் இல்லை, தாழ்த்துவார்.

"நேத்து சாயந்தரமே தெரியும். இப்ப சொல்றீங்க."

"சொல்லாமலே இருந்துரலாமான்னும் யோசிச்சேன் டாக்டர். முடியலை."

டாக்டர் திரையைப் பார்த்தார். முந்தின நாள் மத்தியானத்திலிருந்து ஒரு மேடு பள்ளம் இல்லை. வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு பழைய குழந்தைகளின் பதிவுகளை எல்லாம் எடுத்துத் தரச் சொன்னார். நாற்பத்திரண்டு குழந்தைகள். கட்டுரைக்காக எல்லாவற்றின் சராசரியையும் கூட்டிக் கழித்திருந்தாரே தவிர, ஒவ்வொரு நாளையும் மணிவாரியாக அவர் பார்த்ததில்லை. இப்போது பார்த்தார். இருபத்தொன்பது பதிவுகளில் நடுநடுவே துடிப்பு மாறியிருந்தது. எல்லாம் காலை வேளை, பதினைந்து இருபது நிமிஷம், வேறு வேறு இதயங்கள்; ஒரு குழந்தையும் அதற்காக முரண்டு பிடிக்கவில்லை. ஒரு குழந்தைக்கு ஏழு நாளில் ஐந்து பேர்.

"எல்லாரும் குளிக்கப் போயிருக்காங்க" என்றார் டாக்டர். சிரிப்பு மாதிரி ஒன்று வந்து போயிற்று. நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நாடு பூராவும் அந்தக் கட்டுரையை வைத்துத்தான் விதி போட்டிருக்கிறார்கள்; அம்மா இறந்துபோன குழந்தைகளுக்கெல்லாம் மெத்தையை நிறுத்திவிட்டு மருந்து கொடுத்தார்கள்; அதில் எத்தனை குழந்தைக்கு அது வேண்டியிருக்கவில்லையோ என்று அவர் பாதி தனக்குள்ளேயே பேசினார். போன வருஷக் குழந்தையின் அம்மாவும் பிரசவத்திலேயே போனவள்தான்.

மெத்தை நிற்கவில்லை. ஆனால் டாக்டர் வேறொன்று கேட்டார்.

"அந்தப் பொண்ணுகிட்டக் கேட்டீங்களா? அம்மாக்காரின்னா ஏழாம் நாள் பட்டையைக் கழட்டும்போது புள்ளை கைக்கு வந்துரும். இவளுக்கு என்ன வரும் சிஸ்டர்?"

பியூலா அதை யோசித்திருக்கவில்லை. வெட்கமாக இருந்தது. குழந்தைக்கு என்ன வேண்டும் என்று கேட்டுக் கேட்டே பழகிப்போன வேலை. அந்தப் பக்கம் இருப்பவளை அவள் ஒரு துடிப்பாக மட்டுமே பார்த்திருந்தாள். மறுபடியும் போன் போட்டு, ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். இன்னும் நாலு நாள் கட்டியிருக்க வேண்டும். அதற்குப் பிறகு கழற்றிக் கொடுத்துவிட வேண்டும். குழந்தை அதன் அம்மாவிடம் போய்விடும். இப்போதே கழற்றிக் கொடுத்தாலும் யாரும் உன்னைக் குறை சொல்ல மாட்டார்கள். பிறகு உனக்கு ரொம்பக் கஷ்டமாக இருக்கும்.

"எனக்குத் தெரியும் சிஸ்டர். நான் என்ன கூறுகெட்டவளா, இது எம் புள்ளன்னு நெனைக்கதுக்கு?" என்றாள் செல்லக்கனி. "பொறவு வார அழுகைய நான் பொறவு அழுதுக்கிடுதேன். இப்பம் அது அழாம இருக்கட்டும்."

வீட்டுக்குக் கூட்டிப்போக அவள் புருஷனும் நாத்தனாரும் அன்றே வந்துவிட்டார்கள். அடுத்தவள் பிள்ளையின் பட்டையை நெஞ்சில் கட்டிக்கொண்டு கிடப்பது நாத்தனாருக்குப் பிடிக்கவில்லை. இது மனசைக் கெடுக்கும் என்றாள். அவள் சொன்னதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. புருஷன்காரன் ராசுக்குட்டி அதிகம் பேசாதவன். கட்டில் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, நாலு நாளைக்குப் போவதாக இல்லை என்று காட்டிவிட்டான். கட்டில் காலியாக வேண்டும் என்று வார்டில் கேட்டபோது, டாக்டர் செண்பகவல்லி தாலுகா மருத்துவ அதிகாரியிடம் பேசிச் சரிசெய்தார்.

ஐந்தாம் நாள் மத்தியானம் பியூலா ஒன்றைக் கவனித்தாள். மெத்தை நூறைத் தாண்டியது. குழந்தைக்கு ஒன்றும் இல்லை, தூங்கிக்கொண்டிருந்தது. அங்கே செல்லக்கனி அழுகிறாள் என்று பியூலாவுக்குப் புரிந்தது. குழந்தை புருவத்தைச் சுருக்கி லேசாக நெளிந்தது. அவ்வளவுதான்; அங்கே பட்டை சூடாகியிருக்க வேண்டும். துடிப்பு தொண்ணூறு, எண்பது என்று இறங்கி அறுபத்தெட்டில் நின்றது. இரண்டு பேரும் அடங்கினார்கள். யார் யாரைத் தேற்றியது என்று அவளால் சொல்ல முடியவில்லை. மேஜையில் திறந்திருந்த படிவத்தில் 'குழந்தை அமைதி' என்று மட்டும் எழுதினாள்.

அன்று மாலை கொம்பையாவிடமிருந்து போன் வந்தது. முத்தரசி கண் திறந்துவிட்டாள். பேச முடிந்ததும் கேட்ட முதல் கேள்வி, "புள்ளைய அக்கா வச்சிருக்காவளா?" என்பதுதானாம். ஆமா என்று சொன்னதும் திரும்பத் தூங்கிவிட்டாளாம்.

ஏழாம் நாள் சாயம் செலுத்தி எக்ஸ்ரே எடுத்தார்கள். தொண்டையிலிருந்து வயிறு வரை வெள்ளைக் கோடு ஒரு துளி கசியாமல் இறங்கியது. டாக்டர் அதைத் திரையில் மூன்று முறை ஓட்டிப் பார்த்தார். வாயில் செருகியிருந்த சுவாசக் குழாயை எடுத்ததும் குழந்தை கரகரவென்று அழுதது. வார்டில் இருந்த எல்லாரும் தங்கள் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். பியூலா கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். செல்லக்கனியிடம் நல்ல செய்தியையும், இனிப் பட்டையைக் கழற்றலாம் என்பதையும் சேர்த்தே சொன்னாள். நேரில் வந்து கொடுத்துவிட்டுப் போகட்டுமா என்று மட்டும் அவள் கேட்டாள்.

பத்தாம் நாள் மத்தியானம் முத்தரசியைச் சக்கர நாற்காலியில் கொண்டுவந்தார்கள். இருபத்து மூன்று வயது, பாதியாக இளைத்திருந்தாள். குழந்தையை அவள் நெஞ்சில் சாய்த்து வைத்தாள் பியூலா. குழந்தை நெளிந்தது, முகத்தைத் திருப்பியது, சிணுங்கியது. கொம்பையா பயந்துபோய்ப் பியூலாவைப் பார்த்தான். முத்தரசி பயப்படவில்லை. நான்தான்ட்டீ, நான்தான் என்று அதன் காதருகே சொல்லிக்கொண்டே இருந்தாள். பத்து நிமிஷத்தில் குழந்தை அவள் கழுத்துப் பள்ளத்தில் மூக்கைப் புதைத்துக்கொண்டு தூங்கிப்போயிற்று.

அப்போதுதான் ராசுக்குட்டியும் செல்லக்கனியும் வந்தார்கள். உயரமான, கறுத்த பெண். பட்டையைத் துவைத்த துணியில் பொதிந்து கையில் வைத்திருந்தாள். உள்ளே வரவில்லை, கதவோரமாகவே நின்று, பட்டையைப் பியூலாவிடம் நீட்டினாள். குழந்தை இருக்கும் திசையைப் பார்க்காமல் இருக்க அவள் படும் பாடு பியூலாவுக்கு நன்றாகத் தெரிந்தது.

முத்தரசிதான் கூப்பிட்டாள்.

"அக்கா, இங்க வாங்க. நான் குளிச்சுட்டு வாரேன். புள்ளைய கொஞ்சம் வச்சுக்கிடுங்க."

செல்லக்கனி ஒரு நிமிஷம் நின்றாள். பிறகு உள்ளே வந்து கையைக் கழுவினாள். முழங்கை வரை, சோப்புப் போட்டு, இரண்டு தடவை. குழந்தையை வாங்கி நெஞ்சில் சேர்த்துக்கொண்டாள். குழந்தை ஒரு பெருமூச்சு விட்டது; கண்ணைக்கூடத் திறக்கவில்லை.

பியூலா சக்கர நாற்காலியை வெளியே தள்ளிக்கொண்டு வந்தாள். வராந்தாவில் பாதி தூரம் வந்ததும் அவள் கை நின்றது. கால் நூற்றாண்டாக நர்ஸ் வேலை பார்க்கிறவளுக்கு முதல் நாளே தெரிந்திருக்க வேண்டிய விஷயம். சிசேரியன் ஆனவளை மறுநாள் யார் குளிக்க விடுவார்கள்? தையல் நனையக்கூடாது, துணியை நனைத்துத் துடைத்துவிடுவதோடு சரி. அதிலும் நாளைக்கு நாலு தடவை. முத்தரசி அங்கே ஒரு நாள்கூடக் குளித்திருக்க முடியாது.

"பாத்ரூமுக்குள்ள போய் என்ன செய்வம்மா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"சும்மா சுவத்தைப் பிடிச்சிக்கிட்டு நிப்பேன் சிஸ்டர்" என்றாள் முத்தரசி. "அந்த அக்கா மூஞ்சிய சுவத்துப் பக்கமே திருப்பிக்கிட்டுக் கிடந்தாவ. ஒரு வாய் சோறு திங்கல. மொத தடவை நெசமாத்தான் ஒண்ணுக்குப் போனேன், குடுத்துட்டுப் போனேன். திரும்பி வந்து பாத்தா எழுந்து உக்காந்திருந்தாவ."

பியூலா நாற்காலியைக் குளியலறைப் பக்கம் தள்ளவில்லை. வராந்தாக் கோடியில் ஜன்னல் பக்கம் நிறுத்திவிட்டு, தானும் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்தாள். மதிய பஸ்கள் பைபாஸில் போய்க்கொண்டிருந்தன. வார்டுக்குள்ளிருந்து எந்த அழுகையும் கேட்கவில்லை.

"எவ்வளவு நேரம் ஆச்சு சிஸ்டர்?"

"பத்து நிமிசம்."

முத்தரசி மாரைக் கையால் அழுத்திக்கொண்டாள். பால் கட்டி வலித்திருக்க வேண்டும். பிறகு நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டாள்.

"இன்னும் கொஞ்ச நேரம் குளிச்சுக்கிடுதேன்" என்றாள்.